மீன்படிக்குக் கண்ணாடிப் பூச்சு

மட்டாஞ்சேரியில் போய் ஒச்சப்பன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கண்ணாடி ஒச்சப்பன் என்று கேளுங்கள், சாயாக்கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை கை காட்டுவார்கள். மனிதர் கண்ணாடி போட்டவர் அல்லர். அவர் பூசிய தரையில் குனிந்தால் முகம் தெரியும், அதனால் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். மீசை அரும்பும் முன்னே சட்டி சுமக்கும் சித்தாளாக எர்ணாகுளத்தில் வந்து இறங்கினார். கரண்டியைக் கையில் கொடுத்த முதல் மேஸ்திரி அவரை ஒரு மிளகுக் கிடங்கில் மண்டிபோட வைத்து, "பூசி முடிச்ச தரையில ஒரு மிளகைப் போட்டா நிக்கக் கூடாதுடா, ஓடணும்" என்றாராம். சொரசொரப்பான தரையில் மிளகு தங்கும், தங்கினால் பூஞ்சை பிடிக்கும், முதலாளிக்கு நட்டம். அன்றிலிருந்து ஒச்சப்பனுக்கு உலகத்தில் இரண்டே வகைத் தரைதான். மிளகு ஓடும் தரை ஒன்று, மிளகு நிற்கும் தரை இன்னொன்று. இரண்டாவதைப் பூசுகிறவன் கொத்தனாரே இல்லை என்பது அவர் கட்சி. சட்டைப் பையில் பீடிக்கட்டோடு நாலு மிளகும் எப்போதும் கிடக்கும்.

யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுன் பழம்பொருள் கடைகளில் பாதி அவர் கை பட்டவை. வெள்ளைக்காரர்கள் விளக்கையும் சிலையையும் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வார். சிமெண்டு தின்று தின்று விரல் ரேகை அழிந்தே போயிற்று. ரேஷன் கடை மிஷினில் கட்டைவிரலை வைத்தால் அது அவரை ஏற்றுக்கொள்ளாது. "சுவரைப் பூசுங்கன்னா கையையும் சேர்த்துப் பூசிட்டு வந்திருக்கீங்க" என்பாள் மனைவி வசந்தி. அவள் இடக்கொச்சியில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை பார்ப்பவள். அவள் விரல்களும் ஒன்றும் அழகில்லை. ஐஸ் தின்ற விரல்கள்.

பக்கத்து வீடு பரீதுடையது. பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்து தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம், வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம், சண்டை வந்தால் இரண்டும். பரீதுக்கு இடக்கொச்சிக் காயலில் ஒரு வள்ளம் இருந்தது. ஆற்றுக்கொஞ்சு பிடிப்பதுதான் தொழில். நம் பக்கத்து இறாலை நினைத்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சு என்பது ஒரு முழ நீளத்துக்கு நீலக்கையை நீட்டிக்கொண்டு வருகிற ராட்சசன். வெள்ளத்தில் இடிந்துபோன பரீது வீட்டுத் தரையைச் சிவப்பு ஆக்சைடு போட்டு ஒச்சப்பன் பூசிக் கொடுத்தபோது, கூலி வாங்காமல் கொஞ்சுக் குழம்புக்கு வேலை செய்தார். பரீதின் மனைவி ரம்லத் மறுநாளே அந்தத் தரையில் வழுக்கி விழுந்தாள். "கொத்தனாரே, இந்தத் தரையில எறும்பு நடந்தாலும் இடுப்பு ஒடிஞ்சு போகும்!" என்று அவள் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். ஒச்சப்பன் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இந்தக் கொஞ்சுக்கு ஒரு பழக்கம் உண்டு. தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணைப் போல, முட்டை விடுவதற்கு ஆற்றிலிருந்து காயலின் உப்புத்தண்ணீருக்கு இறங்கி வரும். பொரிந்த குஞ்சுகளுக்கு உப்பு கொஞ்ச நாளைக்குத்தான் ஒத்துக்கொள்ளும், துலாமாத மழை, அதாவது நம் ஐப்பசி மழை, விட்டதும் ஆற்றோடு மேலே ஏறிப் போக வேண்டும். அந்த ஆற்றின் குறுக்கே வெள்ளாரங்கடவில் அணை கட்டினார்கள். ஏறிப் போன குஞ்சுகள் சுவரில் முட்டி நின்றன. வருஷத்துக்கு வருஷம் பரீதின் வலை இலேசாயிற்று. அவருடைய வள்ளத்தின் மேல் ஜூ டவுன் கடைக்காரர் ஒருவருக்கு வெகுநாளாகவே கண். பழைய ஆஞ்ஞிலி மரம், கடைவாசலில் வைத்துப் பூத்தொட்டி அடுக்கினால் படம் எடுக்கக் கூட்டம் வரும் என்று கணக்கு. அவர் விலை கேட்டபோதெல்லாம் பரீது "பொணத்துக்கா பூ வைக்கிறது?" என்று துரத்திவிடுவார்.

அப்போதுதான் அணையில் மீன் ஏறிப் போக வழி கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. படிப்படியாகத் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் வழியும், மீன் அதில் ஏறி மேலே போகும். வேலைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் மீன்படி. அதன் பூச்சு வேலை யாருக்கு வந்தது என்கிறீர்கள்? கண்ணாடி ஒச்சப்பனுக்கே வந்தது. அன்று அவர் பரீது வீட்டு வாசலில் நின்று போட்ட சத்தத்தில் காக்கை பறந்தது. "பாய், உங்க கொஞ்சுக்கு நான் படி போடப் போறேன்!"

நல்ல காரியம்தான். ஆனால் அந்த நல்ல காரியத்தைத் தொடங்கிய விதம் இருக்கிறதே! அடித்தளம் போட அணைநீரை இறக்க வேண்டும் என்று ஷட்டர்களை ஒரேயடியாகத் திறந்தார்கள். எத்தனையோ வருஷமாக அணையின் வயிற்றில் கிடந்த கறுப்புச் சேறு கஞ்சி மாதிரி ஆற்றோடு இறங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. காயல் முகத்தில் கக்கைச் சிப்பிகள் சேற்றுக்கு அடியில் மூச்சு முட்டிச் செத்தன. மிச்சம் இருந்ததைச் சிமெண்டுத் தண்ணீர் பார்த்துக்கொண்டது. மிக்ஸரைக் கழுவிய பால் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான் போகும். ஒச்சப்பனும் சட்டியை அங்கேதான் அலசினார். எல்லோரும் அங்கேதான் அலசினார்கள். கொஞ்ச தூரம் தள்ளிக் கெளுத்திகள் வயிற்றைக் காட்டி மிதந்தபோது, "சேறு கொன்னுடுச்சு, பாவம்" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் பரீதின் வலையில் செத்தை தவிர எதுவும் ஏறவில்லை. ரம்லத்தின் வாய் அடங்கிப் போயிற்று. அதுதான் வசந்தியைப் பயமுறுத்தியது. ஒருநாள் காலை ஜூ டவுன் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டு, பரீது திண்டில் உட்கார்ந்து சாயாவை ஆறவிட்டுக்கொண்டிருந்தார். ஒச்சப்பன் கேள்விப்பட்டு லுங்கியை மடித்துக் கட்டக்கூட மறந்து ஓடினார்.

"பாய், விக்காதீங்க. ஒரே ஒரு வருஷம் பொறுங்க. படி முடியட்டும்."

"எந்துக்குடா? எனக்கு இனி தெம்பு இல்ல. மதி, போதும்."

"துலாமழை விட்டதும் குஞ்சு ஏறும் பாய். ஏறலேன்னா இந்தக் கையை வெட்டிக் காக்காய்க்குப் போட்டுருங்க."

பரீது அந்தக் கையைப் பார்த்தார். தன் வீட்டுத் தரையையும் பார்த்தார். "உன் கைய எந்தக் காக்கா தின்னும்? சிமெண்டு கரகரக்கும்" என்று சிரித்துவிட்டார். கடைக்காரர் வெறுங்கையோடு திரும்பினார்.

அந்தச் சிரிப்புக்காகவே ஒச்சப்பன் உயிரைக் கொடுத்து வேலை செய்தார். தரை வேலை தொடங்கும் வாரம் ஒரு டிப்பர் நிறைய ஆற்றுக் கூழாங்கற்கள் வந்து இறங்கின. கம்பெனி சூப்பர்வைசர் சுதர்ஷன், "இதெல்லாம் தொட்டித் தரைக்கு" என்று சொல்லிவிட்டு ஓணத்துக்கு ஊருக்குப் போனான். தரைக்குக் கல் என்றால் கொத்தனாருக்கு ஒரே அர்த்தம்தான், சோலிங். கல்லை அடியில் பரப்பு, கெட்டிப்படுத்து, மேலே கான்கிரீட் போட்டு மூடு, அப்புறம் பூசு. பிறந்ததிலிருந்து வீடு கட்டுகிறவன் வேறு எப்படி நினைப்பான்? கல்லை மேலே நீட்டிக்கொண்டு நிற்க விடுவது அரைகுறை வேலை, கைபழகாதவன் வேலை. ஒச்சப்பன் அத்தனை கல்லையும் அழகாகப் பரப்பி, மூடி, சிமெண்டுப் பால் ஊற்றி, தொட்டி தொட்டியாகத் தேய்த்தார். ஓணத்துக்கு அவர் வீட்டுக்கே வரவில்லை. கடைசித் தொட்டி காய்ந்ததும் பையிலிருந்து ஒரு மிளகை எடுத்து மேல்படியில் விட்டார். அது நிற்காமல் ஓடித் தடுப்பின் இடைவெளி வழியாக அடுத்த படியில் விழுந்து, அங்கிருந்தும் ஓடியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மீனுக்குக் கால் நோகாது என்று நினைத்தாரோ என்னவோ!

திறப்புவிழாவுக்கு வந்த எஞ்சினியர் சிவராமகிருஷ்ணன் குனிந்து தரையைத் தடவிப் பார்த்து, "நல்ல பினிஷிங்" என்றார். வரைபடத்தில் அவரே போட்டிருந்த கல் எங்கே என்று அவருக்கும் தோன்றவில்லை, வழவழப்பு அப்படி ஆளை மயக்கியது. தண்ணீரைத் திறந்தார்கள். பெரிய மீன்கள் இரண்டு துள்ளி முதல்படி ஏறின. கைதட்டல், லட்டு, போன் போனாகப் படம். ஒச்சப்பன் பரீதுக்கு அந்தப் படத்தைக் காட்டிக் காட்டி போன் சார்ஜையே தீர்த்தார்.

துலாமழை விட்டது. ஒருநாள் பரீது வாசலுக்கே வந்து கூப்பிட்டார். "ஒச்சப்பா, வாடா! காயல் ஓரத்துல குஞ்சு கண்டேன். கூட்டம் கூட்டமா மேல போகுது. சேறு முழுசாக் கொல்லலடா, படச்சவன் கொஞ்சம் பாக்கி வச்சிருக்கான்!" எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் குரலில் உயிர்! இருவரும் கலூர் ஸ்டாண்டில் பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் பரீது பேசிக்கொண்டே வந்தார், வள்ளத்துக்கு மீன்நெய் பூச வேண்டும், புது வலை முடைய வேண்டும் என்று.

அணையின் கீழே இறங்கினால் கொக்குக் கூட்டம். இத்தனை கொக்கை ஒச்சப்பன் பார்த்ததில்லை. நாலைந்து பேர் கொசுவலையால் எதையோ அள்ளிச் சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன என்று கேட்டதற்கு, கோழித் தீவனத்துக்கு என்றார்கள். முதல்படியின் காலடியில் வைக்கோல் துணுக்குப் போல ஏதோ ஒரு அடை. கிட்டப் போனால், அவ்வளவும் கொஞ்சுக் குஞ்சுகள். பரீதுக்கு முதலில் சந்தோஷம் பொங்கியது. "நோக்குடா, நோக்குடா" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். அப்புறம்தான் உற்றுப் பார்த்தார்.

குஞ்சுகள் ஈரச்சுவரில் ஒரு விரல் உயரம் ஏறின. வழுக்கி விழுந்தன. மறுபடி ஏறின, மறுபடி விழுந்தன. கொஞ்சு துள்ளும் சாதி அல்ல. ஒரு சிராயைப் பிடித்து, ஒரு கல்லைப் பிடித்து, ஊர்ந்துதான் ஏறும். பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கீழே செத்தவற்றின் மேல் உயிருள்ளவை நின்றன, அவற்றின் மேல் கொக்கின் அலகு விழுந்தது.

பரீது செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். இரண்டாவது எட்டில் கால் வழுக்கி, முழங்கை தேய விழுந்தார். எழுந்திருக்காமல் அங்கேயே உட்கார்ந்து தரையைத் தடவினார்.

"இதுல கல்லு வேணுமேடா. கல்லு போடலியா இவங்க?"

டிப்பர், கூழாங்கல், சோலிங், மிளகு எல்லாம் அந்த ஒரு நொடியில் கூடி நின்று ஒச்சப்பன் முகத்தில் காறித் துப்பின.

"கல்லு இருக்கு பாய். அடியில இருக்கு" என்றார். "மேல நான் பூசிட்டேன்."

பரீது திட்டியிருக்கலாம். நாலு அறை அறைந்திருந்தாலும் ஒச்சப்பன் வாங்கிக்கொண்டிருப்பார். பரீது தரையிலிருந்து கையை எடுக்காமலே, "நல்ல பூச்சுதான்" என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் முழங்கைக் காயத்தைக் கைலியால் ஒற்றிக்கொண்டே வந்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஊருக்கு ஒன்று உண்டு. ஒச்சப்பன் பிடித்த குரங்கு பரீதின் கழுத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் ஒச்சப்பன் சுதர்ஷனைத் தேடிப் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டார். மேல்பூச்சைக் கொத்திக் கல்லை வெளியே எடுத்துவிடலாம், கூலியே வேண்டாம், ஆளைக்கூடத் தானே கூட்டி வருவதாகச் சொன்னார். சுதர்ஷன் போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "சேட்டா, திறப்புவிழா முடிஞ்சாச்சு. இப்ப கொத்தினா தப்பா கட்டினோம்னு ஆகும். எனக்குப் பணி போகும். பெரிய மீன் ஏறுதுல்ல? விடு."

விடுகிற ஆளா? ஒரு திங்கட்கிழமை விடிந்ததும் உளியும் சுத்தியலும் துணிப்பையில் சுற்றிக்கொண்டு தனியாகப் போனார். ஓடுகிற தண்ணீரில் மண்டிபோட்டு முதல்படியின் ஓரத்தைக் கொத்தத் தொடங்கினார். தான் தேய்த்ததைத் தானே கொத்துவது பெற்ற பிள்ளையை அடிப்பது மாதிரி இருந்தது. ஆனாலும் கொத்தினார். பழைய சுவரில் புதுப்பூச்சு ஒட்டக் கொத்திவிடுவார்களே, அப்படிப் பொளி பொளியாக, கீழிருந்து மேல்வரை, பிறகு அடுத்த படி. முதுகு விண்டு போயிற்று. சாண் அகலத்துக்கு ஒரு தடம் அணையின் மேல்நீர் வரை போய்ச் சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. திரும்பிப் பார்த்தார். ஒரு குஞ்சு பொளியைப் பிடித்துத் தொங்கியது. வழுக்கவில்லை. அடுத்த பொளிக்கு ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் ஒரு வரிசை. ஒச்சப்பன் தண்ணீரில் உட்கார்ந்து, "ஏறுங்கடா, என் ராசாக்களா, ஏறுங்கடா" என்று குழந்தை மாதிரி அழுதார்.

காவல்காரர் சுதீர் அந்தக் கோலத்தில்தான் அவரைப் பார்த்தார். பட்டப்பகலில் அரசாங்கக் கட்டடத்தை உடைக்கிற தமிழன்! சொன்னது எதுவும் எடுபடவில்லை. ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்து, குடித்திருக்கிறான் என்று முடிவு கட்டி, கட்டைவிரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். வெறும் மைதான் விழுந்தது. உளியை வாங்கி வைத்துக்கொண்டு விரட்டினார்கள்.

வசந்தி சுடுதண்ணீர் வைத்து முதுகுக்கு ஊற்றினாள். "போலீஸ் ஸ்டேஷன் ஏறுன கதையை நம்ம சனங்க காதுல மட்டும் போட்டுராதீங்க. கல்யாணம் காச்சின்னு நாளைக்கு எவனும் வாசல்ல நிக்க விடமாட்டான்" என்றாள். ஒச்சப்பன் தலையாட்டினார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லவில்லை. பரீதிடம் மட்டும் ஓடிப்போய்ச் சொன்னார். "சாண் அகலம்தான் பாய். ஆனா அதுல ஏறுது. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன்."

பரீது தன் கையை விரித்துச் சாண் அளந்து பார்த்தார். "சாண் போதும்டா" என்றார். "எறும்பு மாதிரி வரிசை பிடிச்சா, சாண் தாராளம். ஒரு மாசத்துல எல்லாம் மேல போயிடும்." ஜூ டவுன் கடைக்காரருக்கு ஆள் அனுப்பி, வள்ளத்தை இனி விற்பதாக இல்லை என்று சொன்னார். வள்ளத்துக்கு மீன்நெய் வாங்கினார். ரம்லத் நெடுநாளைக்குப் பிறகு தெருவில் யாரையோ திட்டினாள். வசந்திக்கு அதைக் கேட்டு மனம் குளிர்ந்தது.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன்நெய் மணக்கும் கையோடு பரீது ஒச்சப்பன் வீட்டில் சாயா குடித்துக்கொண்டிருந்தார். ஆலுவாயில் வேலை பார்க்கும் பிச்சைமணி அல்வாப் பொட்டலத்தோடு வந்தான். ஒச்சப்பனின் அக்கா மகன், அவரிடமே தொழில் பழகியவன், மேஸ்திரியாகி மூன்று பிள்ளைக்குத் தகப்பனாகியும் மாமன் என்றால் உயிர். வரும்போதே முகமெல்லாம் பூரிப்பு.

"மாமா, உங்ககிட்ட ஒரு சேதி சொல்லத்தான் வந்தேன். சில வாரம் முன்னால ஒரு செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் வெள்ளாரங்கடவு கம்பெனிக்காரன் என்னைக் கூப்பிட்டான். நீங்க பூசின படியில எவனோ குடிகாரப்பய உளியைப் போட்டு நாசம் பண்ணியிருந்தான் மாமா. பார்த்ததும் எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு. என் மாமன் வேலையில வேற எவனும் கை வைக்கக் கூடாதுன்னு கூலிகூடப் பேசல."

வசந்தி அல்வாப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கீழே வைத்தாள்.

பரீதுதான் கேட்டார், மெதுவாக. "நல்லா பூசினியா மோனே?"

"பூசினதா? எங்க கொத்தியிருந்துச்சுன்னு இப்ப போய்த் தேடினாலும் கெடைக்காது பாய். தண்ணி திறக்கறதுக்கு முன்னால மேல்படியில மிளகு விட்டுப் பார்த்தேன். கடைசிப்படி வரைக்கும் ஓடுச்சு!"

பரீது மிச்சச் சாயாவைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப சரி" என்று எழுந்து, கைலியில் மீன்நெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். ஜூ டவுன் பக்கம் திரும்புவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பிச்சைமணிக்கு ஒன்றும் புரியவில்லை. பாய் ஏன் எழுந்து போகிறார் என்று அத்தையைப் பார்த்தான், அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஒச்சப்பன் அவன் வலதுகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். விரல் நுனிகளைத் தடவினார். அவனுக்கும் ரேகை அழியத் தொடங்கியிருந்தது.

"கை நல்லா வந்திருச்சுடா உனக்கு" என்றார்.

அவன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.